பெட்டியில் ஒன்றுமில்லை, விலை ஐந்நூறு டாலர்

கம்ப்யூட்டர் வியாபாரத்தில் அறுபது வருஷமாக நடப்பது ஒரே சண்டை. மூளை ஊழியரின் மேஜைமேல் இருக்கலாமா, கம்பெனியின் ஏ.சி. அறைக்குள் பூட்டி வைக்க வேண்டுமா என்பதுதான் வழக்கு. பத்து வருஷத்துக்கு ஒருமுறை தீர்ப்பு மாறும். தோற்ற கட்சிக்காரர் பெயரை மாற்றிக்கொண்டு, புது சூட் தைத்துக்கொண்டு, மேல்முறையீட்டுக்கு வந்துவிடுவார்.

மேஜைமேல் மூளை வேண்டாம் என்கிற கட்சியின் தேர்தல் சின்னம் தின் கிளையண்ட். கைக்கு அடக்கமான பெட்டி. ஹார்ட் டிஸ்க் இல்லை, பெரும்பாலும் விசிறியும் இல்லை, சொந்தப் புத்தி சுத்தமாக இல்லை. எங்கோ இருக்கும் சர்வர் படத்தை அனுப்பும், இது காட்டும். நீங்கள் விசையைத் தட்டினால், இன்னார் இன்னதைத் தட்டினார் என்று மேலிடத்துக்குக் கோள் சொல்லும். வங்கிக் கிளையிலும் ஆஸ்பத்திரி பில்லிங் கவுண்டரிலும் கால் சென்டரிலும் மானிட்டரின் முதுகில் திருகி மாட்டியிருப்பார்கள், கேபிள் டி.வி. பெட்டி என்று நினைத்துக் கடந்து போயிருப்பீர்கள். இவ்வளவு அப்பிராணியான ஒரு சாமானுக்காக உலகத்தின் பெரும் பணக்காரர்கள் முப்பது வருஷம் குடுமிப்பிடிச் சண்டை போட்டார்கள்.

ஆதியில் இருந்தது கூட்டுக்குடும்பம். ஒரே சமையலறை, ஒரே அடுப்பு, சாவிக்கொத்து பெரியவர் இடுப்பில். 1950-களில் கம்ப்யூட்டர் என்றால் அதுதான். துளையட்டைக் கட்டை ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டுப் போய்விட வேண்டும். மறுநாள் வந்தால், ஏதோ ஓர் அட்டையில் ஒரு கமா விட்டுப்போனதால் வேலை நடக்கவில்லை என்று காகிதம் நீட்டுவார்கள். 1961 நவம்பரில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவும் அவருடைய ஆட்களும் ஒரே ஐபிஎம் மெஷினைச் சிலர் ஒரே நேரத்தில், ஆளுக்கொரு டைப்ரைட்டர் முன் உட்கார்ந்தபடி பயன்படுத்தலாம் என்று செய்து காட்டினார்கள். மெஷின் ஒருவரிடம் கண்ணிமைக்கும் நேரம் பேசிவிட்டு அடுத்தவரிடம் ஓடும். ஒவ்வொருவரும் மெஷின் தனக்கே சொந்தம் என்று நினைத்துக்கொள்வார்கள். நாத்தனார்களைச் சமாளிக்கத் தெரிந்த மருமகளின் வித்தைதான், ஐபிஎம் வால்வுகளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

பங்கு என்று வந்துவிட்டால் பூட்டும் வந்துவிடும். ஆளுக்கு இத்தனை மணி நேரம் என்று அளந்து கொடுத்தார்கள். அளந்ததை அடுத்தவர் எடுக்காமலிருக்கப் பாஸ்வேர்டு வைத்தார்கள். 1962-ல் ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு அளந்த நேரம் போதவில்லை. அவர் பூட்டை உடைக்கவில்லை, சுவரேறிக் குதிக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை பின்னிரவில், பாஸ்வேர்டுகள் இருக்கும் கோப்பை அச்சடித்துத் தரவும் என்று ஒரு துளையட்டையில் விண்ணப்பம் செய்தார். சனிக்கிழமை விடியற்காலையில் போய் அச்சடித்த தாளை எடுத்துக்கொண்டார். எதற்குக் கேட்கிறாய் என்று மெஷின் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கால் நூற்றாண்டு கழித்து, அந்த மெஷினின் வெள்ளிவிழாக் கூட்டத்தில்தான் ஷெர் உண்மையைச் சொன்னார். மூளையை ஒரே இடத்தில் வைத்துப் பூட்டினால் பத்திரமாக இருக்கும் என்று இன்றுவரை விற்பனைப் பிரதிநிதிகள் சொல்லி வருகிறார்கள். அந்த வாதத்துக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அதற்கான பதிலுக்கும் ஏறக்குறைய அதே வயதுதான்.

டைப்ரைட்டர் போய்த் திரை வந்தது. 1971-ல் ஐபிஎம்மின் 3270, 1978-ல் டெக் கம்பெனியின் விடி100. பச்சை எழுத்து, ஒரு வரிக்கு 80 எழுத்து, 24 வரி. 1981-ல் கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் பெர்னார்ட் சே, கிரேஸ் சே தம்பதியும் நண்பர்களும் சேர்ந்து வைஸ் டெக்னாலஜி என்ற கம்பெனியைத் தொடங்கி, இந்த ரகத் திரைகளை மலிவாகச் செய்து தள்ளினார்கள். உலகமெங்கும் வங்கி, கிடங்கு, விமான நிலையம் என்று மேஜைக்கு மேஜை டெர்மினல். 1980-களின் நடுவில் இந்திய ரயில்வேயின் கணினி முன்பதிவு டெல்லியில் தொடங்கியபோது கவுண்டருக்குள் உட்கார்ந்திருந்ததும் இந்த ஜாதிதான். டெர்மினலின் பெரிய சிறப்பு, அது தனியாகக் கெடாது. உள்ளே இருக்கும் பெரியவர் மூச்சை நிறுத்தினால் மாடி முழுக்க எல்லாத் திரையும் ஒரே நொடியில் உறையும். எல்லோரும் ஒன்றாக எழுந்து டீ குடிக்கப் போவார்கள். அலுவலக ஒற்றுமைக்கு அதைவிடப் பெரிய கருவியை மனிதவளத் துறை இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

1981 ஆகஸ்ட் 12 அன்று ஐபிஎம்மே குடும்பத்தைப் பிரித்தது. ஐபிஎம் பிசி, விலை 1,565 டாலரிலிருந்து. அந்த விலைக்கு மானிட்டர் தனி, ஃப்ளாப்பி டிரைவ் தனி. (இந்த ‘தனி’யை நினைவில் வையுங்கள். கதை முழுக்க வரும்.) கணக்குப்பிள்ளைகள்தான் முதலில் தனிக்குடித்தனம் போனவர்கள். 1983-ல் லோட்டஸ் 1-2-3 என்ற கணக்குப் போடும் புரோகிராம் வந்ததும், ஏ.சி. அறைக்காரரிடம் விண்ணப்பம் போட்டு மூன்று வாரம் காத்திருந்து வாங்கும் அறிக்கையை மத்தியானத்துக்குள் தாங்களே போட்டுவிட்டார்கள். ஏ.சி. அறைக்காரர் பிசியைப் பொம்மை என்றார். பொம்மை ஒவ்வொன்றாக மாடியேறி வந்தது. பத்து வருஷத்தில் அவருடைய வேலையே பொம்மைகளுக்குப் பிரின்டர் டிரைவர் போடுவது என்றாகிவிட்டது.

தனிக்குடித்தனத்தின் செலவு பிறகுதான் தெரிந்தது. ஆயிரம் மேஜை என்றால் ஆயிரம் அடுப்பு. ஒருத்தர் ஃப்ளாப்பியில் விளையாட்டைக் கொண்டுவருவார், கூடவே வைரஸ் வரும். வருஷாந்தரக் கணக்கின் ஒரே பிரதியைத் தன் ஹார்ட் டிஸ்கில் போட்டுவிட்டு இன்னொருத்தர் திருப்பதி போய்விடுவார். ஒரு பிசியைக் கட்டி மேய்க்க ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலரைத் தொடும் என்று 1987-ல் கார்ட்னர் என்ற ஆலோசனைக் கம்பெனி கணக்குப் போட்டுச் சொன்னது. இரண்டாயிரம் டாலர் பெட்டிக்குப் பத்தாயிரம் டாலர் பராமரிப்பு. கம்பெனி முதலாளிகள் மூக்கில் விரல் வைத்தார்கள். கூட்டுக்குடும்பத்தின் அருமை அப்போதுதான் அவர்களுக்கு உறைக்க ஆரம்பித்தது.

இந்த இடத்தில் எட் இயகோபுச்சி என்கிற மனிதர் நுழைகிறார். பொறுமைக்கு ஒரு பரிசு வைத்தால் இவருக்குத்தான் கொடுக்க வேண்டும். ஐபிஎம்மும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து ஓஎஸ்/2 என்ற இயங்குதளத்தைச் செய்துகொண்டிருந்த காலத்தில் ஐபிஎம் தரப்பில் அந்த வேலையை நடத்தியவர். ஒரே பிசியைப் பலர் பகிர்ந்துகொள்ளும்படி அதைச் செய்யலாம் என்றார். ஐபிஎம் காதில் வாங்கவில்லை. 1989-ல் வெளியே வந்து சிட்ரிக்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார். மைக்ரோசாஃப்டிடம் ஓஎஸ்/2-வுக்கு உரிமம் வாங்கி, ராப்பகலாக உழைத்து, 1991-ல் சரக்கை வெளியே கொண்டுவந்தார். அதே சமயத்தில் மைக்ரோசாஃப்ட், இனிமேல் நாங்கள் ஓஎஸ்/2 பக்கம் தலைவைத்தும் படுக்கப் போவதில்லை, எங்களுக்கு விண்டோஸ் போதும் என்று கைகழுவியது. பந்தியில் இலை போட்டு உட்கார்ந்த பிறகு சமையல்காரர் ஊருக்குப் போன நிலைமை.

மனிதர் அசரவில்லை. விண்டோஸ் என்.டி.க்கு உரிமம் வாங்கி, அதைப் பலர் பகிரும்படி பிரித்து மேய்ந்து, 1995-ல் வின்ஃப்ரேம் என்று விற்றார். விண்டோஸ் எங்கோ ஒரு சர்வரில் ஓடும், படம் மட்டும் கம்பி வழியாக வரும். வைஸ் கம்பெனி அதே வருஷம் வின்டெர்ம் என்று ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றது. பச்சை எழுத்து டெர்மினல் செய்தவர்கள்தான், இப்போது கலர். வியாபாரம் சூடு பிடித்தது, பங்கு விலை ஏறியது. 1997 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் மறுபடியும் வந்தது. நல்லாத்தான் செய்திருக்கிறீர்கள், இனிமேல் இதை நாங்களே செய்துகொள்கிறோம் என்பது சேதியின் சாரம். சிட்ரிக்ஸ் பங்கு ஒரே நாளில் பாதிக்கு மேல் சரிந்தது. சிட்ரிக்ஸ்காரர்கள் நேரே போய்ப் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தார்கள். மே மாதம் உடன்படிக்கை: மைக்ரோசாஃப்ட் முதலில் 7.5 கோடி டாலர் தரும், பிறகு இன்னும் 10 கோடி வரை தரும், சிட்ரிக்ஸின் தொழில்நுட்பத்தைத் தன் விண்டோஸுக்குள் வைத்துக்கொள்ளும். 1998-ல் அது விண்டோஸ் என்.டி. டெர்மினல் சர்வர் என்று வெளிவந்தது. தின் கிளையண்ட் வரலாற்றில் சத்தம் போடாமல் சம்பாதித்தவர்கள் இவர்கள்தான். சத்தம் போட்டவர்கள் வேறு ஊரில் இருந்தார்கள்.

1995 ஆகஸ்ட் 24. விண்டோஸ் 95 வெளிவந்தது. நள்ளிரவில் கடை வாசலில் வரிசை. ரோலிங் ஸ்டோன்ஸ் பாட்டை விளம்பரத்துக்கு வாங்கினார்கள், டி.வி. நகைச்சுவையாளர் ஜே லெனோவை மேடையேற்றினார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரித்தால் உள்ளே 13 ஃப்ளாப்பி. ஒவ்வொன்றாகச் செருகி, ‘அடுத்ததைப் போடவும்’ என்று திரை கேட்கும்போது போட வேண்டும். பதினோராவது ஃப்ளாப்பி படிக்க மாட்டேன் என்று அடம்பிடித்தால் வெளியீட்டு விழா உங்களைப் பொறுத்தவரை அத்தோடு முடிந்தது.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, செப்டம்பர் தொடக்கத்தில், பாரிஸில் ஒரு கம்ப்யூட்டர் மாநாடு. பில் கேட்ஸும் பேச வந்திருந்தார், ஆரக்கிள் அதிபர் லாரி எல்லிசனும் வந்திருந்தார். எல்லிசன் மேடையேறி, பிசி என்பதே ஒரு கேலிக்கூத்தான கருவி, அதன் காலம் முடிந்தது என்ற ரீதியில் பொளந்து கட்டினார். ஐந்நூறு டாலருக்கு ஒரு பெட்டி போதும், உள்ளே ஒன்றும் வேண்டாம், எல்லாம் நெட்வொர்க்கில் இருக்கும் என்றார். நெட்வொர்க் கம்ப்யூட்டர் என்று பெயர். கையில் காட்டப் பெட்டி இருந்ததா என்றால், இல்லை. அதைச் செய்து தரச் சொல்லி இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த ஏக்கார்ன் கம்பெனியின் கதவைத் தட்டியதே அந்தப் பேச்சுக்குப் பிறகுதான். பொண்ணு பார்க்கும் முன்பே பத்திரிகை அடித்துவிட்டார்.

எல்லிசனுக்கு ஏழை எளிய கணக்குப்பிள்ளைகள் மீது திடீரென்று என்ன கரிசனம்? ஆரக்கிள் விற்பது டேட்டாபேஸ். அது உட்காருவது சர்வரில். மேஜையில் ஒன்றுமில்லை என்றால் எல்லாம் சர்வருக்குப் போகும்; சர்வருக்குப் போனால் ஆரக்கிளுக்குப் போகும். 1996 மே மாதம் அவரோடு கைகோத்து நெட்வொர்க் கம்ப்யூட்டருக்கு இலக்கணம் எழுதியவர்கள் யார் யார் என்று பாருங்கள். சன் மைக்ரோசிஸ்டம்ஸ்: சர்வர் வியாபாரி. ஐபிஎம்: மெயின்ஃப்ரேம் வியாபாரி. நெட்ஸ்கேப்: பிரவுசரும் சர்வர் மென்பொருளும். ஆப்பிள்: அப்போது மூழ்கிக்கொண்டிருந்தது, எந்தப் படகில் இடமிருந்தாலும் ஏறிக்கொள்ளும். பெட்டியை மெலியச் சொன்னவர்களில் பெரும்பாலோர் எதிர்முனையில் குண்டு மெஷினைக் கடை விரித்திருந்தார்கள். எல்லோருக்கும் பொதுவாக ஒரு நேர்த்திக்கடன் வேறு இருந்தது, பில் கேட்ஸ் விளங்காமல் போக வேண்டும்.

ஐந்து மகாவித்வான்கள் சேர்ந்து எழுதிய இலக்கணத்தில் திரை குறைந்தது 640-க்கு 480 புள்ளி, ஒரு சுட்டுகருவி, எழுத்து உள்ளிட ஒரு வழி, ஒலி இருக்க வேண்டும் என்றெல்லாம் இருந்தது. ஹார்ட் டிஸ்க் கட்டாயமில்லை. மானிட்டர் தனி.

சன் கம்பெனியின் ஸ்காட் மெக்நீலி அந்த வருஷம் அக்டோபர் 29 அன்று ஜாவாஸ்டேஷன் என்ற பெட்டியை அறிவிப்பதாக இருந்தார். இவர் மேடைக்கு மேடை கேட்ஸை வாரும் பழக்கமுள்ளவர். அக்டோபர் 28 அன்று, அதாவது சரியாக முந்தின நாள், மைக்ரோசாஃப்டும் இன்டெலும் நெட்பிசி என்று ஒன்றை அறிவித்தன. அதுவும் பிசிதான், பயன்படுத்துபவர் கைவைக்க முடியாதபடி மூடி போட்ட பிசி. கல்யாணத்துக்கு முந்தின நாள் எதிர்வீட்டில் மேளம் வைப்பது என்பார்களே, அந்த ரகம். நெட்பிசி யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. ஆனால் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமே என்று வாங்க வந்தவர்களை யோசிக்க வைத்ததே அதன் வேலை, அதைச் செவ்வனே செய்துவிட்டுச் செத்தது.

ஜாவாஸ்டேஷனுக்கு வருவோம். 742 டாலரிலிருந்து விலை, ஐந்நூறு என்ற பேச்சு காற்றோடு போயிற்று, மானிட்டர் தனி. சன் கம்பெனியின் புரோகிராம் மொழியான ஜாவாவின் பெயர் காபிக்கும் உண்டு என்பதால் உள்ளுக்குள் முதல் மாடலுக்கு மிஸ்டர் காஃபி என்றும், அடுத்ததற்கு க்ரப்ஸ் என்றும் காபி மெஷின் பிராண்டுகளின் பெயரை வைத்துச் செல்லமாகக் கூப்பிட்டார்கள். பெயருக்கு ஏற்ற மாதிரி, காபி போட்டுக் குடித்துவிட்டு வரும் நேரம் அது கண் விழிக்க எடுத்துக்கொண்டது. காலை ஒன்பது மணி அலுவலகத்தைக் கற்பனை செய்யுங்கள். ஐம்பது பேர் ஐம்பது பெட்டியை ஒரே சமயத்தில் தட்டுகிறார்கள். பெட்டிக்குள் ஒன்றுமில்லை, இயங்குவதற்கான மென்பொருளே சர்வரிலிருந்து இறங்கி வர வேண்டும். வழி 10 மெகாபிட் கம்பி, அதையும் ஐம்பது பேர் பங்கு போட வேண்டும். இறங்கிய பிறகு கடிதம் எழுதுகிற புரோகிராம் இறங்க வேண்டும். அந்த புரோகிராம் எங்கே என்றால், கனடாவின் கோரல் கம்பெனி தன் வேர்ட்பர்ஃபெக்ட் சொத்து முழுவதையும் ஜாவாவில் திருப்பி எழுதிக்கொண்டிருக்கிறது, இதோ வந்துவிடும் என்றார்கள். கோரல் எழுதியது, ஓட்டிப் பார்த்தது, அது நடந்த நடையைப் பார்த்துவிட்டு 1997-ல் கைவிட்டது.

நெட்வொர்க் கம்ப்யூட்டரைக் கொன்றது கேட்ஸ் என்று எல்லிசன் தரப்பில் ஒரு வருத்தம் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கொன்றது விலைப்பட்டியல். 1997 தொடக்கத்தில் காம்பாக் கம்பெனி பிரசாரியோ 2100 என்ற முழு பிசியை 999 டாலருக்கு இறக்கியது (மானிட்டர் தனி). 1998-ல் ஈமெஷின்ஸ் என்று ஒரு கொரியக் கூட்டுக் கம்பெனி வந்து ஐந்நூறு டாலருக்கும் கீழே இறங்கியது. ஹார்ட் டிஸ்க், ஃப்ளாப்பி, சொந்தப் புத்தி எல்லாம் உள்ள பெட்டி ஐந்நூறுக்குக் கிடைக்கும்போது ஒன்றுமே இல்லாத பெட்டியை எழுநூறுக்கு வாங்க ஆரக்கிள் ஊழியர்களே யோசித்திருப்பார்கள்.

எல்லிசன் விடாக்கண்டர். 2000-ல் புதிய இன்டர்நெட் கம்ப்யூட்டர் என்று இரண்டாவது படம் எடுத்தார். பத்திரிகையாளர் ஜீனா ஸ்மித்தைத் தலைமைக்குக் கொண்டுவந்தார். 199 டாலர். லினக்ஸ் ஒரு சி.டி.யிலிருந்து ஓடும், மோடம் இருக்கும், ஹார்ட் டிஸ்க் இருக்காது. மானிட்டர் சங்கதியை நான் சொல்ல வேண்டியதில்லை. 2003-ல் திரையரங்கை விட்டு எடுத்துவிட்டார்கள்.

சன் கம்பெனி மட்டும் ஒரு நல்ல காரியம் செய்தது. 1999 செப்டம்பரில் சன் ரே வந்தது. ஜாவா கீவா எதுவும் பெட்டிக்குள் கிடையாது; சர்வர் அனுப்பும் புள்ளிகளைத் திரையில் கொட்டுவதோடு சரி. முன்பக்கம் ஒரு சின்னப் பிளவு. அதில் உங்கள் அடையாள அட்டையைச் செருகினால் உங்கள் திரை வரும். பாதி எழுதிய கடிதம், வாக்கியத்தின் நடுவில் துடிக்கும் கர்சர், எல்லாம். அட்டையை உருவிக்கொண்டு மூன்றாவது மாடியில் வேறொரு பெட்டியில் செருகினால் அதே கடிதம், அதே வாக்கியம், அதே கர்சர். பார்த்தவர்கள் வாய்பிளந்தார்கள். வாய்பிளந்தவர்களில் பர்ஸைத் திறந்தவர்கள் குறைவு. 2010 ஜனவரியில் நஷ்டத்தில் தள்ளாடிய சன் கம்பெனியை ஒருவர் 740 கோடி டாலருக்கு வாங்கினார். மேஜையில் ஒன்றும் வேண்டாம் என்று பாரிஸில் முழங்கிய அதே எல்லிசன். கடைசியில் தன் கனவுப் பெட்டி, செய்து முடித்த நிலையில், நன்றாக ஓடுகிற நிலையில், அவர் கைக்கே வந்து சேர்ந்தது. 2013-ல் ஆரக்கிள் சன் ரேவுக்கு மூடுவிழா அறிவித்தது.

இதற்கிடையே வைஸ் போன்ற கம்பெனிகள் மாநாட்டில் முழங்காமல் கடை நடத்திக்கொண்டிருந்தன. அவர்களிடம் வாங்கியவர்களுக்குத் தத்துவம் எதுவும் இல்லை. ஆஸ்பத்திரிக்காரருக்கு நோயாளியின் விவரம் பென் டிரைவில் வெளியே போகக் கூடாது. கால் சென்டர்காரருக்கு ஒரு பெட்டி கெட்டால் அலமாரியிலிருந்து இன்னொன்றை எடுத்து மாட்டி ஐந்து நிமிஷத்தில் ஆள் பேச ஆரம்பிக்க வேண்டும். கிளை மேலாளருக்கு ராத்திரி திருடன் தூக்கிக்கொண்டு போனாலும் அவனுக்கு உபயோகப்படாத சாமானாக இருக்க வேண்டும். விசிறி இல்லாததால் தூசி இழுக்காது, பல வருஷம் உழைக்கும். வியாபாரம் சின்னது, ஆனால் நிரந்தரமானது என்று புரிந்ததும் பெரியவர்கள் வாங்க வந்தார்கள். 2007-ல் எச்.பி. நியோவேர் என்ற தின் கிளையண்ட் கம்பெனியை 21.4 கோடி டாலருக்கு வாங்கியது. 2012-ல் டெல் வைஸை வாங்கியது. பிசி விற்றே பெரியவர்களான இருவரும் பிசிக்கு எமன் என்று சொல்லப்பட்டதை வாங்கி, அதே கவுண்டரில் பிசிக்குப் பக்கத்தில் வைத்து விற்றார்கள். 2010-களின் நடுவில் உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 50 லட்சம் தின் கிளையண்ட் போனது. பிசி 27, 28 கோடி. இந்தக் கணக்கில் எமனுக்கு எருமை வாங்கவே கட்டுப்படியாகாது.

மைக்ரோசாஃப்ட் இதிலும் ஒரு கண் வைத்திருந்தது. மலிவுப் பெட்டியிலிருந்து சர்வரில் ஓடும் விண்டோஸைப் பார்ப்பதற்கு 2010-லிருந்து பெட்டிக்கு ஆண்டுக்கு நூறு டாலர் என்று ஓர் உரிமம் கொண்டுவந்தது. பிசி வாங்கியவர் விண்டோஸுக்கு ஒருமுறை பணம் கட்டினார். கேட்ஸிடமிருந்து தப்பிக்கத் தின் கிளையண்ட் வாங்கியவர் வருஷா வருஷம் கட்டினார்.

இந்தக் கதையில் சென்னைக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. இந்தியாவேர்ல்டு இணையதளத்தை 1999-ல் சென்னையின் சத்யம் இன்ஃபோவேக்கு ரூ.499 கோடிக்கு விற்ற ராஜேஷ் ஜெயின், ஐஐடி மெட்ராஸின் அசோக் ஜுன்ஜுன்வாலா, அமெரிக்காவின் அனலாக் டிவைசஸ் நிறுவனர் ரே ஸ்டாட்டா மூவரும் சேர்ந்து நோவேட்டியம் என்ற கம்பெனியைச் சென்னையில் நடத்தினார்கள். வீட்டுக்கொரு மலிவுப் பெட்டி, மூளை சர்வரில், கேபிள் டி.வி. போல மாத வாடகை. வைரஸ் இல்லை, ஃபார்மட் அடிக்க மெக்கானிக்கைத் தேட வேண்டியதில்லை. எல்லிசனைப் போல இவர்களுக்கு யாரையும் ஒழிக்கும் வெறி இல்லை, பிசி வாங்க முடியாத வீட்டுக்குக் கம்ப்யூட்டர் போக வேண்டும் என்று நிஜமாகவே நினைத்தார்கள். எதிரி கம்பிதான். 2004-ல் மத்திய அரசின் கொள்கைப்படி நொடிக்கு 256 கிலோபிட் போனாலே அதற்கு பிராட்பேண்ட் என்று பட்டம். சன் கம்பெனியின் 10 மெகாபிட்டே மூச்சு வாங்கிய வேலைக்கு அதில் நாற்பதில் ஒரு பங்கு, அதுவும் மழை பெய்யாத நாளில். அப்புறம் செல்போன் ஸ்மார்ட்டாகி எல்லார் சட்டைப்பைக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டது.

நெட்வொர்க் கம்ப்யூட்டரை மலிவு பிசியால் அடித்துக் காலி செய்த ஈமெஷின்ஸ் ஞாபகம் இருக்கிறதா? அதன் தலைவராக இருந்தவர் ஸ்டீஃபன் டக்கர். சில வருஷம் கழித்து அவர் என்கம்ப்யூட்டிங் என்ற கம்பெனியின் தலைவராகிவிட்டார். என்ன விற்றார்? ஒரு பிசியை அஞ்சாறு பிள்ளைகள் பங்கு போட்டுக்கொள்ளும் புத்தியில்லாத பெட்டி. ஆளுக்கொரு பிசி வீண் செலவு என்றார். ஆந்திராவின் அரசுப் பள்ளிகளிலும் மாசிடோனியா நாட்டுப் பள்ளிகளிலும் ஆயிரக்கணக்கில் போட்டார்கள். வக்கீல் ஒருவரே, கட்சிக்காரர் மாறிவிட்டார், வாதம் இரண்டு பக்கமும் பிரமாதம்.

பிறகு மேகம் வந்தது, அதாவது கிளவுட். சன் கம்பெனியில் தொழில்நுட்பத் தலைவராக இருந்து ஜாவா காலத்தைப் பார்த்த எரிக் ஷ்மிட் கூகுளுக்குப் போயிருந்தார். 2011-ல் கூகுள் குரோம்புக்கை விட்டது. பிரவுசர் மட்டும் ஓடும் மடிக்கணினி. நெட்வொர்க் கம்ப்யூட்டரின் ஆவிதான், இந்த முறை கம்பி வேகமாக இருந்ததால் நடமாடியது. 2023-ல் அமேசான், டி.வி.யில் படம் பார்க்க விற்கும் தன் ஃபயர் டி.வி. கியூபையே உள்ளே மாற்றி, 195 டாலருக்கு அலுவலகத் தின் கிளையண்ட் என்று விற்றது. கேபிள் டி.வி. பெட்டி என்று நினைத்துக் கடந்தவர்கள் ஒன்றும் பெரிய தப்புச் செய்துவிடவில்லை. மூளையை வாடகைக்கு விடும் டேட்டா சென்டர் அமேசானுடையது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மைக்ரோசாஃப்ட்டும் டேட்டா சென்டர் முதலாளி ஆகிவிட்டது. ஆனதும் ஞானோதயம் வந்தது. 2021-ல் விண்டோஸ் 365 என்று விண்டோஸையே மேகத்தில் ஏற்றி மாத வாடகைக்கு விட்டது. 2025 ஏப்ரலில் விண்டோஸ் 365 லிங்க் என்று ஒரு கறுப்புப் பெட்டியைக் கடைக்கு அனுப்பியது. உள்ளே எந்தப் புரோகிராமும் போட முடியாது, எதையும் சேமிக்க முடியாது, நெட்வொர்க் இல்லையென்றால் காகிதம் பறக்காமலிருக்க மேலே வைக்கலாம். விலை 349 டாலர். மானிட்டர் தனி, கீபோர்டு தனி, மௌஸ் தனி, மாத வாடகை தனி. 1995-ல் எல்லிசன் சொன்ன ஐந்நூறை விட மலிவாகவே முடித்துவிட்டார்கள்.

எல்லிசன் கோபித்துக்கொள்ளவில்லை. தின் கிளையண்ட் கடையை இழுத்து மூடிவிட்ட ஆரக்கிள் இப்போது செயற்கை நுண்ணறிவுக் கம்பெனிகளுக்காக ஊர் ஊராக டேட்டா சென்டர் கட்டி வாடகைக்கு விடுகிறது. பாரிஸ் பேச்சு நடந்து முப்பது வருஷம் முடிந்த 2025 செப்டம்பர் 10 அன்று, அந்த வாடகை ஒப்பந்தங்களின் செய்தி கேட்டு ஆரக்கிள் பங்கு ஒரேயடியாக எகிறியது. எண்பத்தோரு வயதில் எல்லிசன் சில மணி நேரம் எலான் மஸ்க்கைத் தாண்டி உலகத்தின் முதல் பணக்காரராக இருந்தார்.